மழை இரவில் வந்தவர் ஆர்.சி.சி.பி.யை ‘டைரக்ட்’ செய்துவிட்டுப் போய்விட்டார்: நம்பகமான எலக்ட்ரீசியனை எப்படிக் கண்டறிவது?

கேள்வி: முடிச்சூர் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், 1998-இல் நாங்கள் கட்டிய வீட்டில் தனியாக வசிக்கிறார்கள். அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 69. நான் புனேயில் வேலை பார்க்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதன் பிறகு சுவிட்ச் போர்டுகளை மாற்றி, மெயின் பெட்டியில், மின்சாரம் கசிந்தால் தானே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச் ஒன்றையும் வைத்தோம். ஆனால் சுவருக்குள் ஓடும் ஒயர்களை அப்போது மாற்றவில்லை.

நேற்று முன்தினம் இரவு ஒன்பது மணி அளவில், நல்ல மழை பெய்துகொண்டிருந்தபோது வீட்டில் மட்டும் மின்சாரம் நின்றுவிட்டது. பக்கத்து வீடுகளில் விளக்கு எரிந்தது. அப்பா பெட்டியைத் திறந்து பார்த்தபோது ஆர்.சி.சி.பி. கீழே விழுந்திருந்தது, மேலே தள்ளினால் மறுபடியும் விழுந்தது. வழக்கமாக வருபவர் ஊருக்குப் போயிருந்ததால், நான் இங்கிருந்தே இணையத்தில் தேடி, முதலில் கிடைத்த எண்ணை அழைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். எந்தக் கருவியையும் வைத்துப் பார்க்காமல், ‘இந்த சுவிட்ச் வீக் ஆகிவிட்டது’ என்று சொல்லி, அதிலிருந்த ஒயர்களைக் கழற்றி நேராக இணைத்துவிட்டு, 3,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள். ரசீது தரவில்லை. விளக்கு எரிந்ததும் அப்பா நிம்மதியாகப் படுத்துவிட்டார்.

நேற்று காலை அம்மா வாஷிங் மெஷினின் மூடியைத் தொட்டபோது முழங்கை வரை சுரீரென்று இழுத்திருக்கிறது. கையை உதறி விலகிக்கொண்டதால் வேறொன்றும் ஆகவில்லை. சென்ற மழைக்காலத்திலும் ஓரிரு முறை விரல் நுனியில் ஊறுவது போல இருந்தது என்று இப்போதுதான் சொல்கிறார். அந்த இளைஞர்கள் இப்போது போனை எடுப்பதில்லை.

உடனடியாக என்ன செய்ய வேண்டும்? இப்படிப்பட்ட நேரங்களில் மின்வாரியத்தை அழைக்க வேண்டுமா, தனியார் எலக்ட்ரீசியனை அழைக்க வேண்டுமா? முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது, அவருக்கு வேலை தெரியுமா என்பதை என் பெற்றோர் போன்றவர்கள் எப்படி அறிந்துகொள்வது? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில்: திருச்சி கம்பியாள்

சகோதரிக்கு வணக்கம். நான் திருச்சியில் 23 ஆண்டுகளாக வயரிங் வேலை செய்கிறேன். மற்றவற்றைப் பிறகு பேசலாம். முதலில் அப்பாவை அழைத்து, மெயின் சுவிட்சை இப்போதே அணைக்கச் சொல்லுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். ஆள் வந்து சரிசெய்யும்வரை அம்மா வாஷிங் மெஷின், பிரிட்ஜ், கிரைண்டர், கீசர் குழாய் எதையும் தொட வேண்டாம். முடிந்தால் இன்று இரவு பக்கத்து வீட்டிலோ உறவினர் வீட்டிலோ தங்கட்டும். நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

அந்த ஆர்.சி.சி.பி. வீக் ஆகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஃபேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்பதை மட்டுமே அது கவனிக்கும். வீடுகளில் வைப்பது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகை. அந்த அளவுக்கு மின்சாரம் வேறு வழியாக, அதாவது ஈரச் சுவர் வழியாகவோ குழாய் வழியாகவோ மனித உடல் வழியாகவோ வெளியே கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். பக்கத்தில் வரிசையாக, ஒவ்வொரு லைனுக்கும் ஒன்றாக இருக்கும் எம்.சி.பி. சுவிட்சுகளுக்கு இந்த வேலை தெரியாது. 16 ஆம்பியர் எம்.சி.பி., அந்த அளவை மீறி மின்சாரம் ஓடினால்தான் விழும். ஒரு மனிதரின் உயிரைப் பறிக்க அதில் முந்நூறில் ஒரு பங்கு போதும். ஆகவே ஆர்.சி.சி.பி.யை ‘டைரக்ட்’ செய்வது என்பது, மழை நாளில் உங்கள் அம்மாவுக்கும் மின்சாரத்துக்கும் இடையில் நின்ற ஒரே காவலை நீக்குவதாகும். விளக்கு எரிய வைப்பது வேலையின் பாதிதான். ஏன் அணைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியமான பாதி.

உங்கள் வீட்டில் இரண்டு குறைகள் சேர்ந்திருக்கின்றன என்று சந்தேகிக்கிறேன். எங்கோ ஓரிடத்தில் மழைநீர் இறங்கி, ஃபேஸ் ஒயர் எர்த்தோடு ஒட்டியிருக்கலாம். கூடவே எர்த் குழிக்குப் போகும் கம்பியும் துருப்பிடித்து அறுந்திருக்கலாம். வீட்டிலுள்ள எல்லா மூன்று துளை பிளக்குகளின் எர்த்தும் ஒன்றோடொன்று இணைந்தவை. குழிக்குப் போகும் கம்பி சரியாக இருந்தால் கசிவு மண்ணுக்குள் போய்விடும். அது அறுந்துவிட்டால், மாடியில் ஒரு பெட்டியில் ஏற்பட்ட கசிவு கீழே இருக்கும் வாஷிங் மெஷினின் தகரத்தில் வந்து நிற்கும். மெஷினில் எந்தப் பழுதும் இருக்காது. அதைத் தொடுபவருக்குத்தான் ஆபத்து.

வருபவருக்கு வேலை தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். அவர் பையைத் திறந்ததும் எதை முதலில் எடுக்கிறார் என்று அப்பா கவனிக்கட்டும். ஸ்குரூ டிரைவர் போன்ற டெஸ்டரை மட்டும் நம்பி வேலை செய்பவரை நான் ஏற்க மாட்டேன். நியூட்ரல் அறுந்த இடத்தில் அந்த டெஸ்டர் இரண்டு துளைகளிலும் எரியும். மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று தேர்ந்தவரையே குழப்பிவிடும். ஒரு டெஸ்ட் லாம்ப், ஒரு மல்டிமீட்டர், முடிந்தால் ஒரு மெகர், இவ்வளவாவது வேண்டும். மெகர் என்பது 500 வோல்ட் கொடுத்து, ஒயரின் இன்சுலேஷன் எத்தனை மெகா ஓம் தாங்குகிறது என்று காட்டும் கருவி. ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனை அப்படியே விடக் கூடாது. மெகர் போடுவதற்கு முன் டி.வி., கணினி போன்றவற்றின் பிளக்குகளைக் கழற்றச் சொல்பவர் விவரம் தெரிந்தவர். வந்தவுடன் ‘இன்வெர்ட்டர் இருக்கிறதா?’ என்று கேட்பவரும் அப்படியே. மெயினை அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் லைனில் மின்சாரம் இருக்கும் என்பதை மறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்கள் எங்கள் தொழிலில் உண்டு.

கசிவைத் தேடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். எல்லா எம்.சி.பி.களையும் கீழே இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மேலே தள்ள வேண்டும். நின்றால், ஒவ்வொரு எம்.சி.பி.யாக ஏற்றிப் பார்த்து, எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் தேடலாம். எல்லாவற்றையும் இறக்கியும் சில நேரங்களில் விழும்; அங்கேதான் பலர் பொறுமை இழந்து ‘டைரக்ட்’ செய்துவிடுகிறார்கள். வீட்டு எம்.சி.பி.கள் பெரும்பாலும் ஃபேஸை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் ஒயர் எங்காவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் எம்.சி.பி.யை இறக்கியும் பயன் இல்லை. நியூட்ரல் பட்டையிலிருந்து ஒவ்வொரு ஒயராகக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும் வேலை. அதற்கு உரிய கூலியைக் கேட்டு வாங்குவது நியாயம். அந்த வேலையைச் செய்யாமலே அந்தக் கூலியை வாங்குவது நியாயமில்லை.

தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் தரும் கம்பியாள் தகுதிச் சான்று இருக்கிறதா என்றும் தயங்காமல் கேளுங்கள். ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு எலக்ட்ரீசியன் பிரிவு படித்தவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். சான்று இருப்பவர் காட்டுவதற்குக் கோபப்பட மாட்டார்.

பதில்: அண்ணாநகர் வாசகர்

எங்கள் அடுக்ககத்திலும் மழை வந்தால் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘டைரக்ட்’ செய்துவிட்டோம். இதுவரை எந்தப் பிரச்சினையும் இல்லை. பழைய வீடுகளுக்கு அது ஒத்துவராது என்றுதான் எங்களிடம் சொன்னார்கள்.

பதில்: திருச்சி கம்பியாள்

ஐயா, உங்களை வருத்தப்படுத்த வேண்டும் என்பது என் நோக்கமல்ல. மழை வரும்போது மட்டும் அது விழுந்தது என்றால், மழை வரும்போது உங்கள் வீட்டில் மின்சாரம் கசிகிறது என்று பொருள். மூன்று ஆண்டுகளாக அந்தக் கசிவு நிற்கவில்லை; அதைச் சொல்வதற்கு இப்போது ஆள் இல்லை, அவ்வளவுதான். பழைய வீட்டில் இன்வெர்ட்டர் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் கலந்து கட்டியிருந்தாலும் ஆர்.சி.சி.பி. நிற்காது. அதற்கு வழி, நியூட்ரலைப் பிரிப்பதே. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த வாரமே ஒருவரை அழைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற வாரியப் பணியாளர், பட்டுக்கோட்டை

மின்வாரியத்தில் 31 ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் யாரை அழைப்பது என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். கம்பத்திலிருந்து மீட்டர்வரை வாரியத்தின் பொறுப்பு. மீட்டருக்குப் பிறகு வீட்டுக்காரரின் பொறுப்பு. தெருவே இருண்டிருந்தாலும், கம்பத்தில் பொறி பறந்தாலும், சர்வீஸ் ஒயர் எரிந்தாலும், மீட்டர் பெட்டி சூடானாலும் வாரியத்தைத்தான் அழைக்க வேண்டும். மின்னகம் எண் 94987 94987 இரவு பகலாக இயங்குகிறது. 1912 என்ற எண்ணும் உண்டு. பேசும்போது முதலில் மின் இணைப்பு எண்ணைத்தான் கேட்பார்கள். இருட்டில் பழைய ரசீதைத் தேடிக்கொண்டிருக்காமல், அந்த எண்ணை மீட்டர் பெட்டியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்து உங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்றால், மீட்டரில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டர் ஓடுகிறது, உள்ளே மின்சாரம் இல்லை என்றால் அது எலக்ட்ரீசியனின் வேலை. எந்தத் தனியார் எலக்ட்ரீசியனையும் கம்பத்தில் ஏறவோ, தெருவோரம் இருக்கும் வாரியத்தின் பில்லர் பெட்டியைத் திறக்கவோ, மீட்டரின் சீலை உடைக்கவோ விடாதீர்கள். ‘நானே போட்டுவிடுகிறேன், இருநூறு கொடுங்கள்’ என்று சொல்பவரை உடனே திருப்பி அனுப்புங்கள். அவர் உயிரும் போகும், மின்திருட்டு என்ற பழியும் உங்கள் மேல் வரும்.

இன்னொன்றையும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். திடீரென்று பல்புகள் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் எரிந்து, மின்விசிறி வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால், அல்லது எதிர்வீட்டில் மங்கி உங்கள் வீட்டில் பிரகாசித்தால், தெருவில் நியூட்ரல் அறுந்திருக்கிறது. அந்த நேரத்தில் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கி வரலாம். யாரையும் அழைப்பதற்கு முன்னால் மெயினை அணைத்துவிடுங்கள். பிரிட்ஜும் டி.வி.யும் கருகிப்போவது சில நிமிடங்களில் நடந்துவிடும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பகுதியில் கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. அந்த நாட்களில் எங்களுக்கு இருந்த பெரிய அச்சம் ஜெனரேட்டர்தான். வாரிய மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்சை வைக்காமல், யாரோ ஒருவரைக் கொண்டு பிளக்கில் ஜெனரேட்டரைச் செருகிவிட்டால், அந்த மின்சாரம் மீட்டர் வழியாகப் பின்னோக்கிப் போய் லைனில் ஏறும். டிரான்ஸ்பார்மர் வழியாக உயர் அழுத்தக் கம்பிவரைகூடப் போகும். லைன் செத்துக்கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஆள் என்ன ஆவார் என்று எண்ணிப் பாருங்கள். கம்பியைத் தொடுவதற்கு முன் இருபுறமும் எர்த் செய்துவிட்டுத்தான் வேலை செய்வோம். அப்படியும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ வைப்பவர்கள், தகுதிச் சான்று பெற்றவரைக் கொண்டே இணைப்புக் கொடுங்கள்.

பதில்: மதுரை ஆசிரியை

தொழில்நுட்பத்தை ஐயா இருவரும் சொல்லிவிட்டார்கள். நான் ஆள் தேடும் விதத்தைச் சொல்கிறேன். பதினான்கு ஆண்டுகளாகத் தனியாக ஒரு பழைய வீட்டைப் பராமரித்து வருகிறேன்.

முதலில் கிடைக்கும் எண்ணை இரவு ஒன்பது மணிக்கு அழைக்கும் நிலைக்கு நாம் ஆளாகக் கூடாது. எந்த அவசரமும் இல்லாத ஒரு நாளில், பக்கத்திலுள்ள எலக்ட்ரிக்கல் கடைக்குப் போய், ‘உங்களிடம் தொடர்ந்து ஒயர் வாங்கும் எலக்ட்ரீசியன்களில், வாங்கியதைத் திருப்பிக் கொண்டுவராதவர் யார்?’ என்று கேட்டேன். கடைக்காரர் சற்று யோசித்து இரண்டு பேரைச் சொன்னார். ஒருவரை ஒரு மின்விசிறி ரெகுலேட்டர் மாற்ற அழைத்தேன். பத்து நிமிட வேலைதான். ஆனால் அவர் பழைய ஒயரின் நுனி கருகியிருப்பதைப் பார்த்து, அந்த அளவை வெட்டி எறிந்துவிட்டு, புதிதாகச் சீவி, திருகை இறுக்கிய பிறகு ஒயரை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அந்த ஒரு இழுப்பைப் பார்த்ததும் இவர்தான் இனி நம் வீட்டுக்கு என்று முடிவு செய்துவிட்டேன். இன்றுவரை அவர்தான் வருகிறார்.

கூலியை வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். பேசியதைக் குறைக்காமல், தள்ளிப்போடாமல் அன்றே கொடுத்துவிடுங்கள். நான் சிறு வேலைக்கு 300 ரூபாயும் முழு நாள் வேலைக்கு 1,000 ரூபாயும் கொடுக்கிறேன். இரவில் அழைத்தால் கேட்காமலே கூடுதலாகக் கொடுப்பேன். மழையில் நனைந்து வந்து நம் வீட்டு மின்சாரத்தில் கை வைப்பவரிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேச எனக்கு மனம் வருவதில்லை. பொருட்களை மட்டும் அவர் எழுதித் தரும் சீட்டைக் கொண்டு நானே கடையில் பில்லோடு வாங்குவேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும், விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் என்ற அளவு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குவேன்.

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்குப் புதியவர் வரும்போது பக்கத்து வீட்டார் ஒருவரை உடன் இருக்கச் சொல்லுங்கள். கழற்றுவதற்கு முன்னும் பின்னும் பெட்டியைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள் மகளே; தொலைவில் இருக்கும் உங்களுக்கு அதுவே கண்.

முடிச்சூர் மகள் (ஒன்பது நாட்கள் கழித்து)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. அன்றே மெயினை அணைத்துவிட்டு, அப்பாவையும் அம்மாவையும் இரண்டு இரவுகள் சித்தி வீட்டில் தங்க வைத்தேன். ஆசிரியை அம்மா சொன்னபடி, முடிச்சூர் சாலையில் உள்ள ஒரு கடையில் விசாரித்து, தகுதிச் சான்று பெற்ற ஒருவரை அப்பா அழைத்து வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே இன்வெர்ட்டரைப் பற்றியதுதான் என்று அப்பா போனில் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திருச்சி அண்ணன் சந்தேகப்பட்டது அப்படியே இருந்தது. மொட்டை மாடிப் படிக்கட்டின் மேலே இருந்த பழைய இரும்பு ஜங்ஷன் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கி, ஃபேஸ் ஒயரின் இணைப்பில் சுற்றியிருந்த டேப் ஊறிக் கழன்று, ஒயர் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பின்புறம் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தபோது, குழாயில் போல்ட் போட்டு இறுக்கிய இடத்தில் கம்பி பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. படத்தை அனுப்பினார்கள். விரல் கனமுள்ள கம்பி இருந்த இடத்தில் ஒரு செந்நிறத் தூள் மட்டுமே இருந்தது. கீசரின் இரும்புக் குழாய் வழியாகவும் ஈரச் சுவர் வழியாகவும் கொஞ்சம் கசிந்ததால்தான் ஆர்.சி.சி.பி. அன்றைக்கு விழுந்திருக்கிறது என்று அவர் விளக்கினார். பழைய ஆர்.சி.சி.பி.யைச் சோதித்துவிட்டு, அதில் எந்தக் குறையும் இல்லை என்று சொல்லி அதையே மீண்டும் பொருத்தினார். புதிது ஒன்றை விற்றிருக்கலாம், விற்கவில்லை.

ஜங்ஷன் பெட்டியை மாற்றி, புதிய எர்த் குழி எடுத்து, இரண்டு நாள் வேலைக்கும் பொருட்களுக்கும் ரசீதோடு கணக்குக் கொடுத்தார். போகும்போது ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் கீழே ‘சமையலறை’, ‘மாடி’, ‘மோட்டார்’ என்று ஒரு காகிதத்தில் தமிழில் எழுதி ஒட்டிவிட்டு, ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை அம்மாவை அழுத்தச் சொன்னாராம். அழுத்தியவுடன் வீடு முழுவதும் அணைந்தது. மாதம் ஒருமுறை இப்படி அழுத்திப் பார்க்க வேண்டும் என்றும், அணையாவிட்டால் தன்னை அழைக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது அப்பாவின் பொறுப்பு.

மெகர் போட்டுப் பார்த்ததில் தரைத்தளப் பின்னறையின் ஒயர்கள் அரை மெகா ஓம்கூடக் காட்டவில்லை. வெள்ளத்தில் ஊறியவை அவை. அந்த லைனை இப்போதைக்குத் துண்டித்து வைத்திருக்கிறார். தை மாதம் நான் ஊருக்கு வரும்போது அந்த அறைக்கு முழுவதும் புது ஒயர் இழுக்கலாம் என்று பேசியிருக்கிறோம்.